கொள்ளிடக் கரையிலும் பழங்குடிகள் இருக்கிறார்கள்: சமூகப்பணிப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுத் தலைவர், உறுப்பினர்கள், இணைப்புக் கல்லூரிகளின் சமூகப்பணித் துறைத் தலைவர்கள் அவர்களுக்கு,

வரும் கல்வியாண்டு முதல் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்களை ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கு வாராந்திரக் களப்பணிக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். 'பழங்குடியினர் நலம்' என்ற தாள் இனி விருப்பப்பாடம். அதை எடுக்கிறவர்களுக்கு மலையில் ஐந்து நாள் முகாம். சுற்றறிக்கையில் காரணம் என்று மூன்று வரிகள் இருக்கின்றன: டெல்டா மாவட்டங்களில் பழங்குடியினர் மிகக் குறைவு, குடியிருப்புகளில் முறையான நிறுவனம் இல்லை, மாணவிகளின் பாதுகாப்பு.

இதை ஏற்க முடியாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் இதே பாடத்திட்டத்தில் படித்தவள். படித்து முடித்ததிலிருந்து சீர்காழி, கொள்ளிடம் பக்கம் இருளர், நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். உங்கள் கல்லூரிகளிலிருந்து வரும் மாணவர்களுக்குக் களத்தில் மேற்பார்வை பார்ப்பதும் நான்தான். ஆகவே இதை வெளியாள் போட்ட மனுவாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

முதலில் அந்த 'மிகக் குறைவு'. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். அதன்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. டெல்டா மாவட்டங்களில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடாது. சரி, எண் அதுதான். ஆனால் அந்தக் கணக்கை எடுத்தபோது நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை. அவர்களைச் சேர்க்கச் சொல்லி, பட்டியலைத் திருத்த மத்திய அரசு அமைத்த லோகூர் குழு 1965-இல் பரிந்துரைத்தது. சட்டம் வந்தது 2023 ஜனவரியில். தஞ்சாவூர், மயிலாடுதுறை பேருந்து நிலையங்களில் ஊசிமணி பாசிமணி விற்றுக்கொண்டு நம் எல்லோர் கண்ணிலும் படுகிற மக்கள், நீங்கள் காட்டும் எண்ணுக்குள் வரவே இல்லை. மயிலாடுதுறை மாவட்டமே அந்தக் கணக்கெடுப்பில் கிடையாது. அது உருவானது 2020 டிசம்பரில். இத்தனை பழைய எண்ணை வைத்து இனி வரப்போகும் மாணவர்களின் பாடத்தைத் தீர்மானிப்பது எப்படிச் சரியாகும்?

எண்ணை விடுங்கள். குறைவாக இருப்பதுதானே போக வேண்டியதற்குக் காரணம்? ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டப் பகுதிகள் கல்வராயன், கொல்லிமலை, ஜவ்வாது, ஏற்காடு, பச்சைமலை என்று மலைகளைச் சுற்றி வரையப்பட்டவை. சமவெளியில் நாலு வீடு இங்கே, பத்து வீடு அங்கே என்று சிதறிக் கிடப்பவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ஓட்டு எண்ணிக்கை குறைவு என்பதால் ஊராட்சியில் குரல் இல்லை. தனியாகப் பள்ளி இல்லை, விடுதி இல்லை. மத்திய அரசு மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று வகைப்படுத்தியிருக்கும் 75 சமூகங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். அதில் இருளர் நம் வயல் வரப்பில் எலி வெட்டிக்கொண்டும், உப்பனாற்றுச் சேற்றில் கையால் இறாலும் நண்டும் தடவிப் பிடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தில் போய்த் திரும்பிவிடலாம். அவர்களை விட்டுவிட்டுப் பழங்குடியைத் தேடி மாணவர்கள் மலையேற வேண்டுமாம்.

பழங்குடி என்றால் மலை என்ற இந்த எண்ணம் வகுப்பறையோடு நிற்பதில்லை. படித்து வேலைக்குப் போகிறவர்களோடு அதுவும் அலுவலகத்துக்குப் போகிறது. பிளஸ் டூ முடித்த ஓர் இருளர் பெண்ணோடு சாதிச் சான்றிதழ் விசாரணைக்குப் போயிருந்தேன். 1989 நவம்பரிலிருந்து பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "இருளர்னா மலையிலதானே இருப்பாங்க, நீ எப்படி ஆத்தங்கரையில?" அப்புறம் அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எங்கே என்றார்கள். அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ரத்த உறவில் யாரிடமாவது சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததும் இல்லை. அந்தப் பெண் கல்லூரியில் சேர்க்கை நேரத்தைத் தவறவிட்டாள். பூம்பூம் மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பட்டியலில் 'ஆதியன்' என்ற பெயர் இருக்கிறது, நாங்கள்தான் அது என்று நிரூபிக்கும் வேலை பிள்ளைகள் தலையில் விழுகிறது.

இந்த விசாரணைக்கு எப்படித் தயாராவது, குலதெய்வம், திருமணச் சடங்கு, உறவுமுறை, தொழில் எல்லாவற்றையும் எப்படிக் கேட்டு ஒரு குடும்ப வரலாறாக எழுதிக் கொடுப்பது என்று உங்கள் பழைய தாளில் ஒரு வரி உண்டா? நான் படித்தபோது இல்லை. இப்போதைய பாடத்திட்டத்தையும் வரி வரியாகப் பார்த்தேன். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகம் தரும் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணை இருக்கிறது. அந்தப் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து முறையை விரிவாக்கிய 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் இருக்கிறது. பழங்குடியினர் மேம்பாட்டுக்கு நேரு சொன்ன ஐந்து கொள்கைகள், அதாவது பழங்குடிப் பஞ்சசீலம், இருக்கிறது. எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் பெசா சட்டத்துக்கும் இங்கே வேலை இல்லை. நம் மாணவர் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதும் அந்தச் சட்டத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கையில் எடுக்கப்போவதில்லை. நாளைக்கே தேவைப்படுகிற 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், குடியிருப்புக்கான நத்தத்துக்கும் ஆறு, குளம், வாய்க்காலுக்கான நீர்நிலைப் புறம்போக்குக்கும் உள்ள வித்தியாசம், இவற்றில் எதுவும் அந்தத் தாளில் இல்லை.

புறம்போக்கு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் மத்திய அரசின் பிஎம்-ஜன்மன் திட்டம் தொடங்கியது. மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு வீடு, குடிநீர், மின்சாரம், சாலை. இருளர்களுக்கும் உண்டு. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பல குடியிருப்பது ஆற்றுப் படுகையில், வாய்க்கால் கரையில். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கொடுக்க முடியாது. பட்டா இல்லாமல் வீடு இல்லை. அப்படியென்றால் மாற்று இடம் கேட்டு மனு போட வேண்டும். எந்த சர்வே எண், கிராமக் கணக்கான அடங்கலில் என்ன வகைப்பாடு, ஊரில் வேறு அரசு நிலம் எங்கே இருக்கிறது, எல்லாம் பார்க்க வேண்டும். போன ஆண்டு களப்பணிக்கு வந்த இரண்டு மாணவர்கள் விஏஓ அலுவலகத்தில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டார்கள். ஆரம்பத்தில் ஊரின் நிலங்களைப் பதிந்துவைக்கும் 'அ' பதிவேடு என்றால் என்ன என்றே தெரியாது. பருவம் முடிவதற்குள் குடும்பம் குடும்பமாக மனு எழுதிக் கொடுத்தார்கள். அதில் சிலவற்றுக்கு இடம் காட்டியிருக்கிறார்கள், மற்றவை நிலுவையில். இந்த வேலையை ஐந்து நாள் முகாமில் எங்கே வைப்பது?

வாராவாரம் போவதற்கும் ஒருமுறை போவதற்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சம்பா அறுவடை முடிந்ததும் வாத்து மந்தைகள் டெல்டா வயல்களுக்கு வருவது உங்களுக்குத் தெரியும். மேய்க்க ஆள் வேண்டும், சின்னப் பையன்கள் என்றால் கூலி குறைவு. வெள்ளி, சனிகளில் ஒரு குடியிருப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவி மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். அதில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றார் அம்மா. அடுத்த வாரமும் இல்லை. மாணவி மறுபடி கேட்டாள், அதே பதில். அவள் விடவில்லை, ஆனால் அதட்டவும் இல்லை. பாட்டியோடு உட்கார்ந்து நண்டு ஆய்ந்துகொண்டே பேசினாள். பாட்டி பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னார்: அப்பாவின் வைத்தியச் செலவுக்கு வாத்துக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், பையன் அவரோடு போயிருக்கிறான்.

மாணவி எனக்கு போன் செய்தாள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னோம். பக்கத்து மாவட்டத்து வயல் ஒன்றில் பையன் கிடைத்தான். காலில் சேற்றுப்புண். குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, கோட்டாட்சியர் விசாரணை நடந்து, விடுதலைச் சான்றிதழ் வாங்குவதற்குள் எல்லோரும் ஓய்ந்துபோனோம். அது கொத்தடிமை இல்லை, 'சொந்தக்காரர் வீட்டில் வேலை' என்று எழுதத்தான் பலருக்கும் விருப்பம். மாணவி வாராவாரம் எழுதிவைத்திருந்த பீல்டு ஒர்க் ரிப்போர்ட்டைக் காட்டினோம். என்றிலிருந்து பையன் இல்லை, யார் என்ன சொன்னார்கள் என்று தேதியோடு இருந்தது. நீங்கள் மதிப்பெண் போட்டு மூலையில் வைக்கும் அதே ரிப்போர்ட்தான். கொத்தடிமை மறுவாழ்வுக்கான 2016 திட்டத்தின்படி குழந்தைக்கு வர வேண்டிய 2 லட்சம் ரூபாய் வழக்குத் தீர்ப்போடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் இன்னும் வரவில்லை. பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

ஐந்து நாள் முகாமுக்கு வந்த மாணவி, அந்தப் பையன் அங்கே இருந்தான் என்றே அறிந்திருக்க மாட்டாள். பாட்டியும் வாய் திறந்திருக்க மாட்டார்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோதும் இதே அனுபவம்தான். முக்கொம்பு மேலணையில் மதகுகள் அடித்துக்கொண்டு போனது அப்போதுதான். தொலைக்காட்சிகள் முக்கொம்பைக் காட்டின. கீழே படுகையில் இருந்த குடிசைகள் மூழ்கியதை யார் கணக்கெடுப்பது? நிவாரணப் பட்டியல் குடும்ப அட்டையை வைத்துத் தயாராகும். அட்டையே இல்லாத வீடுகள் எவை என்று அந்தப் பருவத்து மாணவர்களிடம் கையெழுத்துப் பட்டியல் தயாராக இருந்தது. அதை வைத்துத்தான் அரிசியும் உதவித்தொகையும் கேட்க முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் வந்தபோதோ தெற்கே வேலை செய்த நண்பர்கள் இப்படிப் பட்டியல் இல்லாமல் திண்டாடினார்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையோரத்தில் மீனவர் பட்டியலிலும் விவசாயி பட்டியலிலும் இடம்பெறாமல், கழிமுகத்தில் கையால் மீன் பிடித்த இருளர்கள் நிவாரணத்தில் விடுபட்டதை அப்போது அங்கே வந்த சமூகப்பணித் துறைகள்தாம் எழுதின. உங்களில் மூத்தவர்களுக்கு அது நினைவில் இருக்கும்.

இரண்டாவது காரணம், முறையான நிறுவனம் இல்லை என்பது. வருகைப் பதிவேட்டில் ஏஜென்சி (களப்பணிக்கு இடம் தரும் நிறுவனம்) முத்திரை இல்லை என்பதால் சென்ற பருவத்தில் சில மாணவர்களின் களப்பணி நேரம் கழிக்கப்பட்டது. குடியிருப்புக்கு முத்திரை கிடையாது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை போய் உட்கார்ந்தால் அங்கே ஆட்களும் கிடையாது. தை, மாசியில் எல்லோரும் வயலில்தான் இருப்பார்கள். எலி வளையைக் கண்டுபிடித்து, மண்கலயத்தில் வைக்கோல் புகை போட்டு, வாயால் ஊதி உள்ளே செலுத்தும் வேலை. அந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் உள்ளே இழுத்து இருமும் பெண்களின் நெஞ்சைப் பற்றி ஒரு மருத்துவ சமூகப்பணி மாணவர் ஆய்வே செய்யலாம். செய்யத்தான் யாரும் இல்லை. வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல் அவர்கள் கூலியில் ஒரு பங்கு. இவர்களைச் சந்திக்க வேண்டும் என்றால் மாலை ஆறு மணிக்குப் போக வேண்டும், அல்லது வயலுக்கே போக வேண்டும். மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் போடும் அட்டவணையை ஆற்றங்கரைக்கும் போட்டால் முத்திரை கிடைக்காதுதான்.

பாதுகாப்பு என்ற காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலை நேரப் பேருந்து குறைவு, கரையில் விளக்கு இல்லை, மழைக்காலத்தில் பாம்பு உண்டு. எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறாள். ஆனால் அதற்கு வழி இருவராக அனுப்புவது, மேற்பார்வையாளரோடு திரும்பி வருவது, ஆட்டோ செலவைத் துறை ஏற்பது. குடியிருப்பு மனிதர்களால் மாணவிகளுக்கு ஒரு தொல்லை வந்ததாக என் காலத்தில் ஒரு புகாரும் கிடையாது. தொல்லை வந்த இடங்கள் உண்டு, அவை முத்திரையும் வரவேற்பறையும் உள்ள இடங்கள். அங்கே அனுப்புவதை நீங்கள் நிறுத்தவில்லை.

மலை முகாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பச்சைமலைக்குப் போகட்டும், வன உரிமைச் சட்டத்தை அங்கே நேரில் பார்க்கட்டும். நான் பார்த்த முகாம்கள் எப்படி நடந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் பயணம், இரண்டாம் நாள் நோட்டுப் புத்தகம் வழங்கல், அப்புறம் அந்த மக்களை ஆடச் சொல்லி செல்போனில் வீடியோ, கடைசி நாள் நிறைவு விழா, குழுப் படம். துறையின் சுவரில் அந்தப் படங்கள் இப்போதும் இருக்கின்றன. அந்த ஊர்களில் யாருக்கும் நம் துறையின் பெயர் நினைவிருக்காது.

இந்தத் தாளை எடுக்க ஆளில்லை என்ற பேச்சும் வருகிறது. உண்மைதான், பெரும்பாலானோர் ஹெச்.ஆர். (மனிதவள மேலாண்மை) பக்கம் போகிறார்கள். வீட்டில் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹெச்.ஆர். கிடைக்காமல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், வாழ்வாதாரத் திட்டங்கள் என்று ஒப்பந்த வேலைக்கு வரும் நம் பழைய மாணவர்கள் எத்தனை பேர் என்று துறைகளுக்குத் தெரியும். அவர்கள் மேசைக்கு முதலில் வரும் கோப்பே இந்தக் குடும்பங்களுடையதாக இருக்கும். பேருந்து நிலையத்தில் பாசி விற்கும் அம்மாவின் இடுப்பிலிருக்கும் குழந்தையை 'பிச்சை எடுக்க வைக்கப்பட்ட குழந்தை' என்று பிரித்துக் காப்பகத்தில் சேர்த்த ஒரு பணியாளரை எனக்குத் தெரியும். நல்ல எண்ணம்தான். நரிக்குறவர் மொழியான வாக்ரிபோலியில் அந்த அம்மா அழுதது அவருக்குப் புரியவில்லை. குழந்தையைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் ஆனது. அந்தப் பணியாளரும் உங்கள் பட்டதாரிதான்.

இந்தச் சமூகங்களிலிருந்தே பிள்ளைகள் சமூகப்பணி படிக்க வர ஆரம்பித்திருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், ஆனாலும் வருகிறார்கள். வாராந்திரக் களப்பணியில் அக்காக்களும் அண்ணன்களும் வந்து போனதைப் பார்த்துத்தான் நாமும் இதைப் படிக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. இப்போது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஓர் இருளர் மாணவனிடம், டெல்டாவில் பழங்குடியினர் மிகக் குறைவு, உங்கள் ஊர் களப்பணிக்கு ஏற்றதல்ல என்று அந்தச் சுற்றறிக்கையை எப்படி வாசித்துக் காட்டுவீர்கள்?

நான் கேட்பது இவை. சுற்றறிக்கையில் உள்ள தடையை மாணவர் சேர்க்கை தொடங்குவதற்கு முன் நீக்குங்கள். கொள்ளிடக் கரை, கடலோரக் கழிமுகம், நரிக்குறவர் குடியிருப்புகள் ஆகியவற்றில் குறைந்தது ஒரு முழுப் பருவத்துக்கு வாராந்திரக் களப்பணியை மறுபடி அனுமதியுங்கள். வருகைக்கு முத்திரைக்குப் பதிலாகக் களமேற்பார்வையாளரின் கையெழுத்தையும் குடியிருப்பில் உள்ள ஒருவரின் கையெழுத்தையோ கைரேகையையோ ஏற்றுக்கொள்ளுங்கள். மாலை நேரத்தையும் களப்பணி நேரமாகக் கணக்கில் எடுங்கள். பயணச் செலவைத் துறை நிதியிலிருந்து கொடுங்கள். அதைப் பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கக் கூடாது.

'பழங்குடியினர் நலம்' தாளைக் கட்டாயப் பாடமாகவே வையுங்கள். அதில் சமவெளிப் பழங்குடிகளுக்கு ஓர் அலகு சேருங்கள். சாதிச் சான்றிதழ் விசாரணை, கொத்தடிமை மீட்பு, நிலப் பதிவேடு, வன்கொடுமை வழக்கில் நிவாரணம் ஆகியவற்றைச் செய்முறையாக மதிப்பிடுங்கள். அந்த அலகை நடத்த இருளர், நரிக்குறவர், ஆதியன் சமூகங்களில் விவரம் தெரிந்த பெரியவர்களையும் படித்த இளைஞர்களையும் அழையுங்கள். பட்டம் இல்லை என்று மதிப்பூதியத்தைக் குறைக்காதீர்கள். மற்ற வருகைப் பேராசிரியர்களுக்குக் கொடுப்பதையே அவர்களுக்கும் கொடுங்கள்.

சான்றிதழ் விசாரணை நிலுவையில் உள்ள பிள்ளைகளைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, சான்றிதழ் வரும்வரை முழுக் கட்டணம் கேட்காமல் இருக்கக் கல்லூரிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்புங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தை இந்தக் குடியிருப்புகளில் ஒன்றில் வையுங்கள். உட்காரப் பாய் உண்டு, கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேல் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன் களமேற்பார்வையாளர்களையும், இந்த ஆண்டு களப்பணி நேரம் கழிக்கப்பட்ட மாணவர்களையும் அழைத்துக் கேளுங்கள். கழித்த நேரத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி, களமேற்பார்வையாளர்,
கொள்ளிடம் வட்டாரம், மயிலாடுதுறை மாவட்டம்